மண்ணிடம் கேள்வி கேட்ட மனிதர்: கார்ல் டெர்சாகி



சிவில் படித்த நம்மில் யாரைக் கேட்டாலும் டெர்சாகி என்ற பெயர் தெரியும். சாயில் மெக்கானிக்ஸ் பரீட்சைக்கு முந்தின ராத்திரி அவருடைய சமன்பாடுகளை உட்கார்ந்து உருப்போடாதவர் யாரும் கிடையாது. பரீட்சை முடிந்த ஒரு மாதத்தில் சமன்பாடு மறந்துபோகும். பெயர் மட்டும் நிற்கும். அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார், முப்பது வயதில் தோற்றுப்போய் ஊர் திரும்பியவர், சுருட்டுப் பெட்டியை வைத்து ஆராய்ச்சி செய்தவர் என்பதெல்லாம் பாடப் புத்தகத்தில் வராது.

இந்த மலரில் அவரைப் பற்றி எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இன்று மேம்பாலத்துக்கு ஏறும் சாலைகளைப் பாருங்கள். இருபக்கமும் செங்குத்தாக கான்கிரீட் பலகைகள் நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் மண்ணும் பிளாஸ்டிக் வலையும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அந்த வலைக்கு ஜியோகிரிட் என்று பெயர். சாலைக்கு அடியில், கடற்கரைக் கற்சுவருக்குப் பின்னால், குப்பைக் கிடங்கின் தரையில் என்று எங்கு பார்த்தாலும் ஜியோடெக்ஸ்டைல் துணி. ரோல் ரோலாக லாரியில் வந்து இறங்குகிறது. துணியை விரித்துவிட்டால் மண் பலமாகிவிடும் என்று ஓர் எண்ணம் நம் மாணவர்களிடம் வளர்ந்து வருகிறது. துணிக்கு அந்தப் பலத்தைக் கொடுப்பதே மண்தான், அந்த மண்ணின் பலத்தை முடிவு செய்வது தண்ணீர்தான் என்பதை உலகத்துக்குக் காட்டியவர் டெர்சாகி. ஆகவே இந்தத் துறைக்கு வரப்போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அவருடையது.

பட்டாளத்து வீட்டுப் பிள்ளை

கார்ல் டெர்சாகி 1883 அக்டோபர் 2-ஆம் தேதி பிராக் நகரத்தில் பிறந்தார். அன்று அது ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் பகுதி. தகப்பனார் ராணுவ அதிகாரி. பிள்ளையும் பட்டாளத்துக்குத்தான் போக வேண்டும் என்று சிறு வயதிலேயே ராணுவ விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். பையனுக்கோ கணக்கிலும் வானவியலிலும்தான் நாட்டம்.

கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அவர் சேர்ந்து படித்தது மெக்கானிக்கல். ஆமாம், சிவில் இல்லை! 1904-இல் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்தில் அவர் ஒன்றும் சாது கிடையாது. குடியும் கூத்தும் வாள் சண்டையுமாகத் திரிந்து, கல்லூரியை விட்டே நீக்கப்படும் நிலைக்கு வந்தார். அவரிடம் ஏதோ இருக்கிறது என்று நம்பிய ஒரு பேராசிரியர் பரிந்து பேசிக் காப்பாற்றினார். பின்பெஞ்சு மாணவர்களுக்காகப் பரிந்து பேசும் ஆசிரியர் எல்லா ஊரிலும் ஒருவராவது இருக்கத்தான் செய்கிறார்.

கட்டாய ராணுவ சேவையில் இருந்தபோது ஓர் ஆங்கில நிலவியல் கையேட்டை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். அதுதான் அவரை மண் பக்கம் திருப்பியது. இயந்திரம் படித்தவர் பாறையையும் ஆற்றையும் பார்க்கத் தொடங்கினார். வியன்னாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் சேர்ந்து நீர்மின் திட்டங்களுக்காகக் குரோவேஷியா, ரஷ்யா என்று அலைந்தார்.

அலைந்த இடத்திலெல்லாம் ஒரு விஷயம் அவரை உறுத்தியது. இரும்புப் பாலம் கட்டுகிறவருக்கு இரும்பின் பலம் தெரியும். கணக்குப் போட முடியும். மண்மீது கட்டுகிறவருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. மேஸ்திரியின் அனுபவமும் ஆண்டவன் கருணையும்தான். ஓர் அணை நின்றால் ஏன் நின்றது என்று தெரியாது, போனால் ஏன் போனது என்றும் தெரியாது.

அமெரிக்காவில் ஏமாற்றம்

இதற்கு விடை காண 1912-இல் அமெரிக்கா போனார். அங்கே மேற்குப் பகுதியில் பெரிய பெரிய அணைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். ஒவ்வோர் இடத்திலும் என்ன மண், என்ன கட்டினார்கள், என்ன நடந்தது என்று திரட்டினால் போதும், விதி தானாகக் கிடைத்துவிடும் என்று நம்பினார். மூட்டை மூட்டையாகக் குறிப்புகள் சேர்ந்தன. விதி மட்டும் கிடைக்கவில்லை.

ஏன்? ஓர் இடத்தில் களிமண் என்று எழுதியிருப்பார்கள், இன்னோர் இடத்திலும் களிமண் என்றே எழுதியிருப்பார்கள். இரண்டும் ஒரே பெயர், நடத்தை மட்டும் வேறு வேறு. நம்ம பக்கத்திலேயே பாருங்கள். குதிரைமொழித் தேரியின் செம்மணலும் மணல்தான், துறைமுகத்துக் கடற்கரை மணலும் மணல்தான். இரண்டையும் ஒன்று என்று சொல்ல முடியுமா? பெயரை வைத்து மண்ணைப் புரிந்துகொள்ள முடியாது, அளந்து பார்த்தாக வேண்டும் என்பது அவருக்கு அங்கேதான் உறைத்தது. ஆனால் எதை அளப்பது, எப்படி அளப்பது? தெரியவில்லை. 1913 முடிவில், முப்பது வயதில், மனம் சோர்ந்து ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டே உலகப் போர் வந்துவிட்டது.

சுருட்டுப் பெட்டி ஆய்வகம்

போரில் சில காலம் பணியாற்றிய பிறகு, 1916-இல் துருக்கியின் கான்ஸ்டான்டினோபிளில், இன்றைய இஸ்தான்புல்லில், பொறியியல் பள்ளி ஆசிரியராகப் போனார். போரில் அவர் நாடு தோற்றது, வேலையும் போயிற்று. அதே ஊரில் அமெரிக்கர்கள் நடத்திய ராபர்ட் கல்லூரி இடம் கொடுத்தது. சம்பளம் சொற்பம், பாட வேளைகள் அதிகம். ஆய்வகம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? சமையலறைப் பாத்திரங்கள், சுருட்டுப் பெட்டிகள், பழைய இரும்புச் சாமான்கள் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் கொண்டு கருவிகள் செய்தார். என்னென்ன சோதனைகள் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் பட்டியல் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொடங்கினார். மணலைப் பெட்டியில் கொட்டிப் பக்கச் சுவரை எவ்வளவு தள்ளுகிறது என்று பார்த்தார். ஈரக் களிமண்ணை ஒரு வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழும் தண்ணீர் கசியும் தட்டு வைத்து, சுமை ஏற்றி, நேரம் போகப் போக அது எவ்வளவு அமுங்குகிறது என்று மணிக்கணக்கில், நாள்கணக்கில் குறித்துக்கொண்டே இருந்தார். நம் கல்லூரி ஆய்வகங்களில் இன்றும் ஓடோமீட்டர் என்று ஒன்று இருக்கிறதே, அதன் தாத்தா அந்தக் கருவிதான்.

அங்கே அவர் கண்டதை எளிதாகச் சொல்லிவிடலாம். நீர் நிறைந்த களிமண்மேல் சுமையை வைத்தால், முதலில் அந்தச் சுமையைத் தாங்குவது மண் துகள்கள் கிடையாது, இடுக்குகளில் இருக்கும் தண்ணீர். தண்ணீர் மெல்ல மெல்லக் கசிந்து வெளியேற, சுமை துகள்களின் தலைக்கு மாறுகிறது. துகள்கள் நெருங்குகின்றன, மண் அமுங்குகிறது, பலமும் கூடுகிறது. மொத்தச் சுமையழுத்தத்தில் தண்ணீரின் அழுத்தத்தைக் கழித்தால் மிச்சம் எதுவோ, அதுதான் துகளும் துகளும் ஒன்றையொன்று அழுத்தும் உண்மையான அழுத்தம். எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸ் என்று நாம் படிப்பது இதைத்தான்.

புரியாதவர்கள் கடையில் காற்று நீக்கி அடைத்து விற்கிற காப்பித்தூள் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். செங்கல் மாதிரி கெட்டியாக இருக்கும். ஊசியால் ஒரு குத்து குத்துங்கள், கையில் துவண்டுவிடும். தூள் அதேதான், அதன் துகள்களை அழுத்திப் பிடித்திருந்த அழுத்தம்தான் போயிற்று. மண்ணும் அப்படியே. மழைநீர் உள்ளே புகுந்து நீரழுத்தம் ஏறினால், நேற்றுவரை கெட்டியாக நின்ற கரை இன்றைக்குச் சரிகிறது.

1925-இல் இவற்றையெல்லாம் தொகுத்து ஜெர்மன் மொழியில் ஒரு நூலாக வியன்னாவில் வெளியிட்டார். சாயில் மெக்கானிக்ஸ் என்ற துறை பிறந்தது அந்த ஆண்டு என்றே எல்லோரும் சொல்கிறார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 12 ஆண்டுகளுக்கு முன் வெறுங்கையோடு திரும்பிய நாட்டுக்குத் துறையின் முன்னோடியாகப் போனார்.

கல்லுக்குள் ஒரு கணக்கு

அணைகளுக்கு அடியில் தண்ணீர் ஊறி, மண்ணைத் துகள் துகளாக இழுத்துக்கொண்டு போய், கடைசியில் அணையையே சாய்ப்பது உண்டு. இதற்கு மருந்தாக அவர் சொன்னது வடிகட்டிப் படுகை. தண்ணீரைத் தடுக்காதே, வெளியே விடு. மண்ணை மட்டும் பிடித்து வை. அதற்கு மண்ணைவிடப் பருமனான மணலையும் ஜல்லியையும் அளவு பார்த்து அடுக்க வேண்டும். வடிகட்டியின் சிறிய துகள், மண்ணின் பெரிய துகளைப்போல் நான்கைந்து மடங்குக்கு மேல் போகக் கூடாது. போனால் மண் ஓடிவிடும். ரொம்பப் பொடியாகவும் இருக்கக் கூடாது, தண்ணீர் அடைபடும்.

கல் கரைகளிலும் இதே பாடம் உண்டு. நம் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் இரண்டும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் கடலுக்குள் போகின்றன. 1974 ஜூலை 11-இல் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து உள்ளே நிற்கும் கப்பல்களுக்கு அவைதான் காவல். உள்ளே சிறு கல், அதன்மேல் நடுத்தரக் கல், வெளியே அலை மோதும் இடத்தில் பெரும் பெரும் பாறை என்று அடுக்குவதுதான் இத்தகைய சுவர்களின் முறை. பெரிய கல்லின் சந்து வழியே சிறிய கல் நழுவக் கூடாது என்பதே கணக்கு.

இப்போது ஜியோடெக்ஸ்டைலைப் பாருங்கள். இரண்டு மூன்று அடுக்கு மணலும் ஜல்லியும் செய்கிற வடிகட்டி வேலையை ஒரே துணி செய்கிறது. ஆனால் துணியின் கண் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று முடிவு செய்ய இன்றும் மண்ணின் துகள் அளவைத்தான் சல்லடை போட்டுப் பார்க்கிறோம். பொருள் மாறியது; டெர்சாகியின் விதி மாறவில்லை.

வியன்னாவின் நிழல்

பெரியவர்களின் வாழ்க்கையை எழுதும்போது வெளிச்சத்தை மட்டும் எழுதிவிட்டுப் போவது நம் மலர்களில் வழக்கம். இவர் விஷயத்தில் அது நியாயமாகாது.

1929-இல் டெர்சாகி வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகத் திரும்பினார். அங்கே பவுல் ஃபில்லுங்கர் என்று இன்னொரு பேராசிரியர். நுண்துளைகள் உள்ள பொருளில் நீர் என்ன செய்கிறது என்று டெர்சாகிக்கு முன்பே ஆராய்ந்தவர், கணிதத்தில் புலி. டெர்சாகியின் கோட்பாடு கணித அடிப்படையில் தவறு என்று அவர் கருதினார். கருத்து வேறுபாடு முற்றி, 1936-இல் ஒரு சிறு நூலே வெளியிட்டு டெர்சாகியைக் கடுமையாகத் தாக்கினார். பல்கலைக்கழகம் குழு அமைத்து விசாரித்தது. டெர்சாகியின் பக்கம்தான் சரி என்று முடிவானது. 1937 மார்ச்சில் ஃபில்லுங்கரும் அவர் மனைவியும் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள்.

பல ஆண்டுகள் கழித்து ஃபில்லுங்கரின் எழுத்துகளை ஆராய்ந்தவர்கள், நுண்துளைப் பொருள்களின் இயக்கவியலில் அவரும் ஒரு முன்னோடியே என்று நிலைநாட்டினார்கள். இரண்டு பேரும் தண்ணீரையும் மண்ணையும்தான் பார்த்தார்கள். ஒருவர் கணிதத்தின் வழியாக, மற்றவர் கைவேலையின் வழியாக. உட்கார்ந்து பேசியிருந்தால் உலகத்துக்கு இன்னும் லாபம். ஆராய்ச்சிக்குப் போகும் நம் தம்பிமார் தங்கைமார் இந்த அத்தியாயத்தை மறக்க வேண்டாம்.

1938-இல் ஹிட்லரின் ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. டெர்சாகி குடும்பத்தோடு அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி ரூத் நிலவியல் அறிஞர், ஹார்வர்டில் படித்தவர். பிற்காலத்தில் கணவரின் பணிகளில் பெரும் துணையாக நின்றார்.

அளந்துகொண்டே கட்டு

ஹார்வர்டில் பாடம் நடத்திக்கொண்டே ஊர் ஊராக ஆலோசனைக்குப் போனார். சிகாகோவில் சுரங்க ரயில் பாதை தோண்டினார்கள். கீழே வெண்ணெய் போன்ற களிமண், மேலே அடுக்குமாடிக் கட்டடங்கள். தோண்டினால் களிமண் உள்ளே பிதுங்கும், மேலே கட்டடம் இறங்கும். டெர்சாகி அங்கே ஆய்வகம் போடச் செய்து, ரால்ஃப் பெக் என்ற இளைஞரை நிறுத்தினார். தோண்டத் தோண்ட மண் எவ்வளவு நகர்கிறது, தெரு எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து, அதற்கேற்பத் தோண்டும் முறையையே மாற்றினார்கள். வரைபடம் போட்டுக் கொடுத்துவிட்டோம், வேலை முடிந்தது என்று அவர் ஒருபோதும் நினைத்ததில்லை. கட்டுகிறபோது மண் சொல்வதைக் கேட்டு வரைபடத்தைத் திருத்துவதுதான் அவர் முறை. அந்த பெக்குடன் சேர்ந்து 1948-இல் அவர் எழுதிய பாடநூல், நம் நூலகத்தில் அட்டை கிழிந்து கிடக்கும் புத்தகங்களுக்கெல்லாம் மூலம்.

எழுபது வயதுக்குப் பிறகும் ஓயவில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பிரிட்ஜ் நதியின் குறுக்கே மிஷன் அணை. அடியில் அமுங்கிப் போகிற களிமண். அணை கட்டுவதற்கு லாயக்கற்ற இடம் என்றே யாரும் சொல்வார்கள். 1950-களின் பிற்பகுதியில் அதைக் கட்டி முடிக்க வழிகாட்டியவர் டெர்சாகி. நம் கதைக்கு முக்கியமான இடம் இதுதான். தண்ணீர் புகாமல் இருக்க விரித்த களிமண் படுகை காய்ந்து வெடிக்காமல் இருக்க, அதன்மேல் பிவிசி பிளாஸ்டிக் விரிப்பைப் போடச் செய்தார். இரும்புப் பலகைத் தடுப்புக்கும் கரடுமுரடான பாறைக்கும் நடுவே இருந்த சந்தை அடைக்கத் துணிப் பைகளில் சிமென்ட் குழம்பை நிரப்பி வைத்தார்கள். பை வளைந்து கொடுத்துப் பாறையின் மேடுபள்ளத்துக்கு ஏற்பப் படிந்துகொண்டது. ஜியோசிந்தெடிக்ஸ் என்ற சொல்லே பிறக்காத காலத்தில், அந்தத் துறையின் இரண்டு பொருள்களை ஒரே அணையில் கிழவர் பயன்படுத்திவிட்டார்!

1963 அக்டோபர் 25-ஆம் தேதி, எண்பது வயது நிறைந்த சில வாரங்களில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வின்செஸ்டரில் காலமானார். 1965-இல் மிஷன் அணைக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

அவர் போன பிறகு வந்த வலை

மண்ணுக்குள் நாரை வைப்பது புதுசு ஒன்றும் இல்லை. சுவருக்கு மண் குழைக்கும்போது வைக்கோல் போட்டு மிதிப்பதை நம் பாட்டிமார் யாரிடமும் படித்து வரவில்லை. பழைய மெசபடோமியாவில் மண் கோபுரங்களுக்கு இடையே நாணல் பாய் விரித்தார்கள். இவையெல்லாம் மக்கிப் போகிற பொருள்கள். 1953-இல் நெதர்லாந்தில் கடல் கரையை உடைத்து 1,800-க்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, அங்கே தொடங்கிய மாபெரும் கரைப் பணிகளில் நைலான் போன்ற செயற்கைத் துணிகள் பெருமளவில் இறங்கின. 1960-களின் தொடக்கத்தில் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி விடால், மண்ணுக்குள் இரும்புப் பட்டைகளைப் படுக்கவைத்துச் செங்குத்துச் சுவர் எழுப்பும் முறையைக் கொண்டுவந்தார். 1970-களின் இறுதியில் இங்கிலாந்தின் பிரையன் மெர்சர், பிளாஸ்டிக் தகட்டில் துளையிட்டு இழுத்து நீட்டி வலுவான வலையாக்கும் வழி கண்டார். அதுவே ஜியோகிரிட்.

இது எப்படி வேலை செய்கிறது? முத்துக் குளிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நம் கடலில் அரசாங்கம் நடத்திய முத்துக் குளிப்பு 1961-உடன் நின்றுபோனாலும் அந்தக் கதைகள் நமக்குத் தெரியும். குளிக்கிறவர் இடுப்புக் கயிறு மேலே தோணியில் இருப்பவர் கையில். கயிற்றால் ஆளைத் தள்ள முடியாது, இழுக்க முடியும். அதுவும் மேலே இருப்பவர் இறுக்கிப் பிடித்திருந்தால்தான். ஜியோகிரிட்டும் கயிறுதான். மண் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அந்த இழுவையை வலை ஏற்றுக்கொள்கிறது. வலையை இறுக்கிப் பிடிக்கும் கை எது? சுற்றியுள்ள மண் துகள்களின் உராய்வு. அந்த உராய்வு எதைப் பொறுத்தது? துகள்கள் ஒன்றையொன்று அழுத்தும் அழுத்தத்தை, அதாவது டெர்சாகி சுருட்டுப் பெட்டி காலத்தில் கண்ட அதே எஃபெக்டிவ் ஸ்ட்ரெஸை. நீர் தேங்கி நீரழுத்தம் ஏறினால், பிடித்திருக்கும் கை தளர்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வலையானாலும் உருவிக்கொண்டு வரும்.

ஆகவேதான் இத்தகைய சுவருக்குப் பின்னால் கண்ட மண்ணையும் கொட்டக் கூடாது என்கிறார்கள். 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் பொடி பொதுவாக 15 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. வடிகால் ஜல்லி கட்டாயம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2014-இல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது. மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டும். பக்கத்துக் கேரளாவில் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையத்தைச் சேற்றுக் களிமண்மேல் அமைத்தபோது, துணி சுற்றிய பிளாஸ்டிக் பட்டைகளைச் செங்குத்தாக மண்ணுக்குள் இறக்கி நீரை வெளியேற்றினார்கள். கை அகலம், சில மில்லிமீட்டர் கனம், அவ்வளவுதான் பட்டை. இதுவும் டெர்சாகி கணக்கே. தண்ணீர் கசிந்து போக வேண்டிய தூரம் பாதியானால் நேரம் கால் பங்காகும். 8 மீட்டர் போக வேண்டியதை 1 மீட்டராக்கினால் 64-இல் ஒரு பங்கு. பக்கவாட்டில் கசியும்போது சூத்திரம் சற்று வேறு, சாரம் இதுதான். பல ஆண்டுக் காத்திருப்பு சில மாதங்களாகக் குறைவது இப்படித்தான்.

நம்ம ஊர் மண்ணுக்கு

நம் கடலோரத்தில் இந்தப் பொருள்களுக்குத் தனி இடம் உண்டு. உப்பளத்துக்கு நடுவே இரும்புப் பட்டையைப் புதைத்தால் துரு விடாது. பிளாஸ்டிக் வலைக்கு உப்பு பகை கிடையாது. ஆனால் வேறு பகைகள் உண்டு. வெயில் ஒன்று. நம்ம ஊர் வெயிலில் ரோலைப் பிரித்து வாரக்கணக்கில் போட்டுவைத்தால் நார் நொந்துபோகும். உடனே மண் மூட வேண்டும். நெடுநாள் இழுவையில் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல நீளும், சூட்டில் இன்னும் நீளும். அதனால் ஆலையில் சோதித்த பலத்தை அப்படியே கணக்கில் எடுக்காமல் குறைத்தே எடுக்க வேண்டும். வலையின்மேல் புல்டோசரை நேராக ஏற்றினால் அறுந்துபோகும்.

எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்துக்கும் செய்துங்கநல்லூருக்கும் இடையே ரயில் பாதைக்கு அடியில் இருந்த ஜல்லியும் மண்ணும் அடித்துப் போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டு, சுமார் 800 பயணிகள் வெள்ளத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். ரயில் அந்த இடத்துக்குப் போகாமல் நின்றதால் உயிர்கள் பிழைத்தன. தண்டவாளத்தின் பலத்தில் அன்று குறை ஒன்றும் இல்லை. அதைத் தாங்கிய மண்ணைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. இந்த மாவட்டத்தில் இனி போடப்போகும் ஒவ்வொரு சாலைக்கரையும், பாலத்தின் அணுகுகரையும் அப்படி ஒரு மழையை எதிர்பார்த்தே நிற்க வேண்டும். அவற்றில் பலவற்றைக் கட்டப்போகிறவர்கள் இன்று வகுப்பில் இருக்கும் நீங்கள்தான்.

ஆகவே தம்பி தங்கைகளே, கம்பெனிக்காரர் விலைப்பட்டியலை நீட்டும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இது என்ன மண்? தண்ணீர் எங்கிருந்து வரும்? அது எந்த வழியாகப் போகும்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு எந்த வலை, எத்தனை அடுக்கு என்று பேசலாம். விடை தெரியாமல் விரிக்கிற வலை, மண்ணுக்குள் புதைத்த பணம்தான்.

கடைசியாக ஒன்று. டெர்சாகி வாழ்நாள் முழுவதும் நாட்குறிப்பு எழுதினார். அவருடைய தாள்களை நார்வேயின் ஆஸ்லோ நகரில், நார்வே மண்பொறியியல் நிறுவனத்தில், அவர் பெயரால் அமைந்த நூலகத்தில் வைத்துக் காக்கிறார்கள். சைட்டுக்குப் போகிற நம் பிள்ளைகளும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். இன்று எவ்வளவு மழை, கரை எவ்வளவு இறங்கியது, எந்த இடத்தில் கசிவு, வந்த தண்ணீர் தெளிவா கலங்கலா என்று தினமும் நாலு வரி எழுதுங்கள். கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். அன்றைக்கே மேலதிகாரியிடம் சொல்லுங்கள்.